பாளையங்கோட்டைக் கல்லறைகளில் ஒரு குடும்பத்தைத் தேடுவது

மலேசியாவிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். பாளையங்கோட்டையின் பழைய கல்லறைத் தோட்டத்தில் அடக்கமாகியிருக்கும் புகழ்பெற்றவர்கள் யார் யார், அங்குள்ள உள்ளூர்க் குடும்பங்களைப் பற்றி எப்படித் தெரிந்துகொள்வது என்பது உங்கள் கேள்வி. அதன் அடியில் போகிற போக்கில் இன்னொரு வரியும் எழுதியிருக்கிறீர்கள்: உங்கள் பாட்டியின் தாத்தா அந்தப் பக்கத்தில் உபதேசியாராக (குருப்பட்டம் பெறாத சபை ஊழியராக) இருந்தவர், பெயர் தேவசகாயம், அதற்கு மேல் எதுவும் தெரியாது. நீங்கள் உண்மையில் கேட்டது அந்தக் கடைசி வரியைத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். புகழ்பெற்றவர்களின் கல்லறைகளுக்கு வழி சொல்ல ஊரில் பலர் இருக்கிறார்கள். ஒரு தேவசகாயம் உபதேசியாரைக் கண்டுபிடிப்பது வேறு வேலை. பள்ளியில் வரலாறு கற்பித்தபடியே ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் விடுமுறை நாட்களில் இந்தப் பக்கத்துக் கல்லறைக் கற்களைப் படியெடுத்திருக்கிறேன். சேகர அலுவலகங்களில், அதாவது ஒரு குருவானவரின் பொறுப்பில் இருக்கும் சபை வட்டார அலுவலகங்களில், பழைய பதிவேடுகளையும் புரட்டியிருக்கிறேன். அந்தப் பழக்கத்தை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் ஒரு திருத்தம். பாளையங்கோட்டையில் பழைய கல்லறைத் தோட்டம் என்று ஒன்று மட்டும் இல்லை. கிளாரிந்தா கட்டிய ஆலயத்தின் வளாகம், அடைக்கலாபுரம் கல்லறைத் தோட்டம், ஆங்கில ஆலயத்தைச் சேர்ந்த கல்லறைகள், கத்தோலிக்கருடையவை, மேலப்பாளையம் பக்கத்து முஸ்லிம்களின் மையவாடிகள் என்று பல இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்துக்கும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் உரியது. எந்த வாசலுக்குள் நுழைகிறீர்கள் என்பதை முடிவு செய்யாமல் போனால் ஒரு நாள் முழுவதும் சுற்றிவிட்டு வெறுங்கையோடு திரும்புவீர்கள்.

காலத்தால் மூத்தவரிடமிருந்து தொடங்குவோம். கிளாரிந்தா மராத்திய பிராமணக் குடும்பத்தில் பிறந்த விதவை. கோகிலா என்பது அவருடைய பழைய பெயர் என்கிறார்கள். லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியோடு வாழ்ந்தார். அந்த உறவைக் காரணம் காட்டி அவருக்கு ஞானஸ்நானம் கொடுக்க மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் (கிறிஸ்தவக் குருமாரை இங்கே ஐயர் என்பது வழக்கம்) முதலில் மறுத்தார். லிட்டில்டன் இறந்த பிறகு, 1778இல், பாளையங்கோட்டைக்கு வந்தபோது கொடுத்தார். 1780இல் எழுதப்பட்ட சபைப் பட்டியலில் நாற்பது பேர் இருக்கிறார்கள். திருநெல்வேலிச் சீமையின் சீர்திருத்தச் சபை வரலாறு அந்த நாற்பது பெயர்களிலிருந்துதான் தொடங்குகிறது. 1785இல் அவர் முன்னின்று கட்டிய ஆலயத்தை ஊரார் இன்றும் பாப்பாத்தியம்மாள் கோயில் என்கிறார்கள். அவர் வெட்டுவித்த கிணற்றுக்கும் அதே பெயர். 1806இல் இறந்தார். அவருடைய கல்லறை அந்த ஆலயத்தை ஒட்டியே இருக்கிறது. இவை எல்லாம் உறுதியானவை. உடன்கட்டை ஏறவிருந்த அவரை லிட்டில்டன் நெருப்பிலிருந்து இழுத்துக் காப்பாற்றினார் என்ற கதையையும் அங்கே உங்களுக்குச் சொல்வார்கள். அது வாய்வழி மரபு. அவர் வாழ்ந்த நாளிலேயே எழுதப்பட்ட குறிப்புகளோடு அதைச் சேர்த்து வைக்கக் கூடாது. அவருடைய பெருமைக்கு அந்த நெருப்பு தேவையே இல்லை. சபை தன்னை ஏற்க மறுத்த காலத்திலும் ஒரு பெண் தன் வீட்டில் மக்களைக் கூட்டிச் சபையை வளர்த்தார் என்பதே போதும்.

அடுத்து ரேனியஸ் ஐயர். 1790இல் பிரஷ்யாவில் பிறந்து, 1814இல் சென்னைக்கும் 1820இல் பாளையங்கோட்டைக்கும் வந்தவர். ஊசிக்கோபுரம் என்று நாம் சொல்லும் தூய திரித்துவ ஆலயம் 1826இல் அவர் காலத்தில் எழுந்தது. தமிழில் அச்சான முதல் அறிவியல் நூல்களுள் ஒன்றாகச் சொல்லப்படும் பூமி சாஸ்திரம் 1832இல் வந்தது. அதை எழுதியவர் இவர்தான். 1838 ஜூன் 5ஆம் நாள் இறந்தார். இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தாம் கட்டிய ஆலயத்தின் நிழலில் அவர் அடக்கமாகவில்லை. அடைக்கலாபுரத்தில் தனியே கிடக்கிறார். 1835இல், அவர் பணியாற்றிய ஆங்கில மிஷன் சங்கமான சர்ச் மிஷனரி சொசைட்டி அவரைப் பணியிலிருந்து நீக்கியது. ஆங்கிலத் திருச்சபையின் வழிபாட்டு முறையையும் குருப்பட்ட முறையையும் அவர் எழுத்தில் விமர்சித்ததே காரணம். ஆற்காட்டுக்குப் போனவர் சில மாதங்களிலேயே திரும்பி வந்து, தம்மை விடாத சபைகளை வைத்துக்கொண்டு தனியாக ஊழியம் செய்தார். மூன்றே ஆண்டுகளில் இறந்துபோனார். அந்தப் பிளவு நடந்தது உறுதி. கல்லறை தள்ளியிருப்பதற்கு அந்தப் பிளவுதான் காரணம் என்பது ஊரார் விளக்கம். நியாயமான விளக்கமாகவே எனக்கும் தோன்றுகிறது. ஆனாலும் கல்லில் அப்படி எழுதியிருக்கவில்லை, ஆகவே உறுதியானதாக உங்களிடம் சொல்ல மாட்டேன். நெல்லையின் அப்போஸ்தலன் என்று அழைக்கப்பட்டவரின் கல்லறையைத் தேடி வருகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். ஊசிக்கோபுரத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். நீங்கள் அடைக்கலாபுரத்துக்கும் போய் வாருங்கள்.

உங்கள் தேவசகாயத்துக்கு இந்தப் பிளவு பொருட்படுத்த வேண்டிய செய்தி. 1835 முதல் 1838 வரை ஒரே ஊரில் இரண்டு பக்கமாகச் சபைகள் இருந்தன, உபதேசியார்களும் இரண்டு பக்கமாக நின்றார்கள். ரேனியஸ் இறந்த பிறகு அவருடைய தோழர்களில் பெரும்பாலானவர்கள் பழைய சங்கத்துக்கே திரும்பினார்கள். அவர்களுள் ஒருவர் சாப்டர் ஐயர். திருநெல்வேலி டவுனில் இருக்கும் சாப்டர் பள்ளிக்கு அந்தக் குடும்பத்தின் பெயர்தான். அந்தச் சில ஆண்டுகளின் ஞானஸ்நானமோ அடக்கமோ ஒரு பதிவேட்டில் தொடர்ச்சியாகக் கிடைக்கவில்லை என்றால் பதறாதீர்கள். ஆள் காணாமல் போகவில்லை, பக்கம் மாறியிருக்கலாம்.

ஆங்கில ஆலயத்தைச் சேர்ந்த கல்லறைகளில் எல்லோரும் தேடுவது கலெக்டர் ஆஷ் துரையை. 1911 ஜூன் 17ஆம் நாள் மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதனால் சுடப்பட்டவர். உடலைப் பாளையங்கோட்டைக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். தூத்துக்குடியில் இருப்பது அவருடைய நினைவு மண்டபம், கல்லறை இல்லை. இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. அந்தக் கல்லின் முன் நிற்கிற ஒவ்வொருவருக்கும் ஓர் உணர்வு இருக்கும். அதைச் சொல்லிக்கொடுக்க எனக்கு உரிமையில்லை. நான் அங்கே நின்றபோதெல்லாம் நினைத்தது அந்த ரயில் பெட்டியில் உடன் இருந்த அவருடைய மனைவியையும், அதே நிலையத்தில் தன்னையும் சுட்டுக்கொண்டு இறந்த அந்த இளைஞனையும். வாஞ்சிநாதனுக்கு இப்போது செங்கோட்டையில் மணிமண்டபம் இருக்கிறது.

பாளையங்கோட்டையில் இருப்பதாக எண்ணி வந்து ஏமாறுகிறவர்களும் உண்டு. கால்டுவெல் இங்கே இல்லை. 1891 ஆகஸ்டு 28ஆம் நாள் கொடைக்கானலில் இறந்தார். உடலை மலையிலிருந்து இறக்கி, தாம் 1841 முதல் வாழ்ந்த இடையன்குடிக்குக் கொண்டுவந்து, தாமே கட்டி 1880இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட ஆலயத்துக்குள் அடக்கம் செய்தார்கள். அவருடைய மனைவி எலைசா, நாகர்கோவில் மால்ட் ஐயரின் மகள், 1899இல் இறந்து அங்கேயே உறங்குகிறார். போப் ஐயர் சாயர்புரத்தில் பணியாற்றியவர் என்பதால் அவரையும் இந்தப் பக்கத்தில் தேடுகிறார்கள். அவர் 1908இல் இறந்து ஆக்ஸ்போர்டில் அடக்கமானார். தம் கல்லறையில் ‘ஒரு தமிழ் மாணவன் இங்கே உறங்குகிறான்’ என்று பொறிக்கச் சொன்னார் என்ற செய்தியைத் தமிழ்நாட்டு மேடைகளில் கேட்காதவர் இருக்க முடியாது. அந்தக் கல்லில் அப்படி ஒரு வரியே இல்லை. அவருடைய குடும்பத்தாரும் தென்னிந்தியாவிலுள்ள தமிழ் நண்பர்களும் சேர்ந்து இந்தக் கல்லை நாட்டினார்கள் என்றுதான் இருக்கிறது. நாம் கட்டிய கதையைவிட அந்த உண்மை வரி எனக்குப் பெரியதாகத் தெரிகிறது. இங்கே இருந்த தமிழர்கள் கடல் கடந்து ஒரு கல்லுக்குப் பணம் அனுப்பியிருக்கிறார்கள். இன்னொரு கோடியில் டோனாவூர். 1951 ஜனவரி 18ஆம் நாள் இறந்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் தமக்குக் கல்லறைக் கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பறவைகள் நீர் அருந்தும் ஒரு தொட்டியை அங்கே வைத்திருக்கிறார்கள். அதில் இருக்கும் ஒரே சொல் ‘அம்மா’.

பாஞ்சாலங்குறிச்சிப் பக்கத்தில் 1799இலும் 1801இலும் நடந்த போர்களில் இறந்த கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) அதிகாரிகளின் கல்லறைகள் இருக்கின்றன. இப்போது அது தூத்துக்குடி மாவட்டம் என்றாலும், 1986 வரை எல்லாம் ஒரே திருநெல்வேலிதான். கோட்டையைத் தாக்கி இறந்தவனுக்குப் பெயரோடு கல் இருக்கிறது. உள்ளே நின்று இறந்த நூற்றுக்கணக்கானவர்களுக்கு இல்லை. இதைச் சொல்வதற்குக் காரணம், அதே கணக்குத்தான் பாளையங்கோட்டையிலும். கல் யாருக்கு இருக்கிறது என்பது காசு யாரிடம் இருந்தது என்பதற்குச் சாட்சி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இறந்த உபதேசியார்களில் பெரும்பாலானவர்களுக்கு மண்மேடும் மரச்சிலுவையும்தான். நான்கு மழைக்காலம் தாண்டினால் சிலுவை விழுந்துவிடும், பத்து மழைக்காலத்தில் மேடு கரைந்துவிடும். வசதியுள்ளவர்கள் செங்கல் அடுக்கிக் காரை பூசினார்கள். அதில் எழுத்தைக் கீறிவிடுவார்கள். காரை பெயரும்போது பெயரும் போய்விடும். கருங்கல் வைத்தவர்கள் மிகச் சிலர். ஆகவே உங்கள் முன்னோருக்குக் கல் இல்லை என்றால் அவர் இங்கே அடக்கமாகவில்லை என்று பொருள் கொள்ள வேண்டாம். இந்தப் பதிலில் நீங்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டென்றால் அது இதுதான்: குடும்பத்தைப் பதிவேட்டில் தேடுங்கள், கல்லில் சரிபாருங்கள். கல்லில் தொடங்கியவர்கள் பெரும்பாலும் வழி தவறுகிறார்கள். அப்படி வழி தவறச் செய்தவர்களில் நானும் ஒருவன்.

பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு குடும்பம் இதேபோலத் தாத்தாவைத் தேடி வந்தது. பெயர் பொருந்தியது, காலமும் ஏறத்தாழப் பொருந்தியது. இதுதான் என்று ஒரு கல்லைக் காட்டினேன். கல்லைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, ஜெபித்து, அழுதுவிட்டுப் போனார்கள். ஓராண்டு கழித்து வேறு எதற்காகவோ ஓர் அடக்கப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நான் காட்டிய கல்லுக்கு உரியவர் வேறொரு வீட்டைச் சேர்ந்தவர் என்று தெரிந்தது. கடிதம் எழுதி மன்னிப்புக் கேட்டேன். அவர்கள் பெருந்தன்மையாகப் பதில் எழுதினார்கள். ஆனாலும் அன்று அவர்கள் அழுத அழுகை வேறொருவர் தலைமாட்டில் போயிற்று என்பது என்னைவிட்டுப் போகவில்லை.

அந்தத் தவறு எப்படி நேர்ந்தது என்று தெரிந்துகொண்டால் உங்களுக்கு உதவும். நம்மிடம் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரின் முதல் எழுத்துதான் தலைப்பெழுத்து. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். பேரன் என்ற சொல்லே பெயரைத் தாங்குகிறவன் என்பதிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். ஆகவே தேவசகாயம் மகன் ஞானமுத்து, ஞானமுத்து மகன் தேவசகாயம், அவர் மகன் மீண்டும் ஞானமுத்து என்று ஒரு வீட்டிலேயே பெயர்கள் ஒன்றுவிட்டு ஒன்று திரும்பி வரும். ‘ஞா. தேவசகாயம்’ என்று ஒரு கல்லில் இருந்தால் அவர் தாத்தாவா பேரனா என்பது தலைப்பெழுத்தால் தெரியாது. தேவசகாயம், ஞானமுத்து, வேதமுத்து, மாசிலாமணி, அருளப்பன் போன்ற பெயர்கள் சாதியும் ஊரும் கடந்து எல்லாச் சபைகளிலும் இருந்தன. இதில் இன்னொரு சிக்கல்: விடுதிகளில் படித்த பிள்ளைகளுக்கு, அவர்களுக்கான செலவை ஏற்ற சீமை நன்கொடையாளர்களின் பெயரை வைப்பதும் உண்டு. பதிவேட்டில் ஆங்கிலப் பெயரைப் பார்த்தவுடன் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் என்று முடிவு கட்டக் கூடாது.

பெயரை வைத்து ஆளைப் பிரிக்க முடியாதபோது மூன்றை வைத்துப் பிரிக்க வேண்டும். மனைவியின் பெயர், சொந்த ஊர், ஞானஸ்நானத்தில் நின்ற ஞானத்தாய் தகப்பன்மாரின் பெயர். மூன்றாவதைப் பலர் புரட்டிப் பார்ப்பதே இல்லை. ஞானப்பெற்றோராக நிற்பவர் பெரும்பாலும் தாய்மாமனோ, அத்தையோ, பக்கத்து ஊர் உபதேசியாரோ ஆக இருப்பார். ஒரு குடும்பத்தின் மூன்று குழந்தைகளுக்கு நின்றவர்களை எழுதி வைத்தால் அந்தக் குடும்பத்தின் உறவுவட்டமே கண்ணில் தெரிந்துவிடும். உங்கள் பாட்டியிடமோ பெரியம்மாமாரிடமோ தேவசகாயத்தின் மனைவி பெயரையும், வீட்டில் பேச்சில் அடிபட்ட ஊர்ப் பெயர்களையும் கேட்டு வாங்கிக்கொண்டு விமானம் ஏறுங்கள். ‘நம்ம பண்ணைவிளை’, ‘சுரண்டைப் பக்கத்துச் சம்பந்தம்’ என்று யாராவது எப்போதாவது சொல்லியிருப்பார்கள். அந்த ஒரு சொல் ஒரு மாதத் தேடலை மிச்சப்படுத்தும்.

ஊர் தெரிந்தால் எந்த மிஷன் சங்கம் என்று தெரியும், சங்கம் தெரிந்தால் காகிதம் எங்கே என்று தெரியும். பாளையங்கோட்டை, மெஞ்ஞானபுரம், டோனாவூர், சுரண்டை, பண்ணைவிளை, நல்லூர் ஆகியவை சர்ச் மிஷனரி சொசைட்டியின் கீழ் இருந்தன. நாசரேத், முதலூர், இடையன்குடி, சாயர்புரம் ஆகியவை எஸ்.பி.ஜி. என்ற இன்னொரு ஆங்கில மிஷன் சங்கத்தின் கீழ் இருந்தன. முன்னதன் கடிதங்களும் அறிக்கைகளும் இப்போது பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன, பின்னதன் ஆவணங்கள் ஆக்ஸ்போர்டில். அவற்றில் மிஷனரிகளும், குருப்பட்டம் பெற்ற இந்தியர்களும், சில வேளைகளில் உபதேசியார்களும் பெயரோடு வருவார்கள். ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள் அந்தந்தச் சேகரத்தில்தான் தேட வேண்டியவை. 2003இல் தூத்துக்குடி நாசரேத் திருமண்டலம் (ஒரு பேராயரின் கீழ் இருக்கும் சபைப் பிரிவு) தனியாகப் பிரிந்ததால், தெற்குப் பக்கத்து ஊர்களுக்குப் பாளையங்கோட்டை அலுவலகத்தில் கேட்டால் அங்கே போகச் சொல்வார்கள். லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் சென்னை மாகாணத்தின் ஞானஸ்நான, திருமண, அடக்க நகல்கள் தொகுப்பாக இருக்கின்றன. அவை பெரும்பாலும் ஐரோப்பியருக்கும் கலப்பினத்தாருக்கும் உரியவை. அவற்றில் தமிழ்க் குடும்பங்களைத் தேடிப் பணம் செலவழிக்க வேண்டாம் என்பது என் கருத்து.

ஊரைப் பற்றி எச்சரிக்கையாகவும் இருக்க வேண்டும். குடும்பம் பாளையங்கோட்டையைச் சேர்ந்தது என்பதற்காக எல்லாப் பதிவும் பாளையங்கோட்டையிலேயே இருக்காது. கவிஞர் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். கரையிருப்பில் பிறந்து, இந்தப் பக்கத்திலேயே வாழ்ந்து, 1900இல் இறந்தவர். ஆனால் ஞானஸ்நானம் பெற்றது 1858இல் சென்னை மயிலாப்பூரில். சொந்த ஊரில், சொந்தக்காரர்கள் நடுவில், அந்த அடியை எடுத்துவைப்பது எவ்வளவு கடினமாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். கல்லறையும் அப்படித்தான். கடாட்சபுரத்தில் பணியாற்றிய யோவான் தேவசகாயம் ஐயர் 1864இல் மறைந்தார். தென்னிந்தியாவில் சர்ச் மிஷனரி சொசைட்டியில் குருப்பட்டம் பெற்ற முதல் தலைமுறை இந்தியர்களில் ஒருவர் அவர். அவருடைய மகள் அன்னாளை மணந்தவர் திருநெல்வேலி சிந்துபூந்துறையில் பிறந்த டபிள்யூ.டி. சத்தியநாதன். இருவரும் சென்னைக்குப் போய்விட்டார்கள். அவர்கள் மகன் சாமுவேல் சத்தியநாதனின் மனைவி கிருபாபாய் ஆங்கிலத்தில் நாவல் எழுதிய முதல் இந்தியப் பெண்களுள் ஒருவர். கிருபாபாய் இறந்த பின் மணந்த கமலா 1901இல் பெண்களுக்கென்று ஓர் ஆங்கில இதழையே தொடங்கி நடத்தினார். வேர் இங்கே, கிளை எல்லாம் வெளியூரில். பெயர் ஒற்றுமையைப் பார்த்து, உங்கள் முன்னோர் இந்த யோவான் தேவசகாயம்தான் என்று யாராவது சொன்னால் உடனே ஏற்றுக்கொள்ள வேண்டாம். புகழ்பெற்றவரோடு முடிச்சுப் போடுவது நம் குடும்ப வரலாறுகளில் மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. அவர் குருப்பட்டம் பெற்ற ஐயர், உங்கள் குடும்பத்தில் சொல்லப்படுவது உபதேசியார். இரண்டும் வேறு வேறு பதவி.

உங்கள் குடும்பம் கடல் கடந்து போனதற்கும் இதில் ஒரு தடயம் இருக்கலாம். 1854இல் இலங்கைத் தோட்டத் தமிழரிடையே ஊழியம் தொடங்கியபோது முதல் உபதேசியார்கள் திருநெல்வேலியிலிருந்துதான் போனார்கள். மலாயாவுக்குப் போன சில குடும்பங்கள் இலங்கையில் ஒரு தலைமுறை தங்கிவிட்டுப் போனவை. பாட்டி வீட்டுப் பேச்சில் கண்டியோ நுவரெலியாவோ வந்திருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி கல்லைப் படிப்பது பற்றி. பழைய தமிழ்க் கற்களில் எண்கள் தமிழ் எண்களாகவே இருக்கும். ௧, ௨, ௭, ௮ ஆகியவை க, உ, எ, அ போலத் தோன்றுவதால் எழுத்தென்று எண்ணிப் பலர் விட்டுவிடுகிறார்கள். பழைய முறையில் 1876 என்பது ௲௮௱௭௰௬ என்று வரும். ஆயிரத்துக்கும் நூற்றுக்கும் பத்துக்கும் தனிக் குறிகள் உண்டு. வருஷத்துக்கு ௵, மாதத்துக்கு ௴, தேதிக்கு ௳. சில கற்களில் கிறிஸ்து ஆண்டுக்குப் பதிலாக, மலையாள நாட்டு ஆண்டுக் கணக்கான கொல்லம் ஆண்டு இருக்கும். திருநெல்வேலிச் சீமையில் பத்திரங்களெல்லாம் அந்தக் கணக்கில்தான் எழுதப்பட்டன. இங்கே கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கும். ஆவணி முதல் மார்கழி நடுப்பகுதி வரை என்றால் 824, அதற்குப் பிறகு ஆடி முடிய என்றால் 825 கூட்டிக்கொள்ளுங்கள். கொல்லம் 1052 மாசி என்றால் 1877ஆம் ஆண்டு. தாது வருஷப் பஞ்சத்தின் நடுப்பகுதி அது. அந்தக் காலத்து அடக்கப் பதிவேடுகளைத் திறக்கும்போது மனத்தைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். ஒரே வீட்டில் அடுத்தடுத்து மூன்று நான்கு பெயர்கள், எதிரே ‘வாந்திபேதி’ என்ற ஒரே சொல். குழந்தைகளின் வயது மாதக் கணக்கில் எழுதப்பட்டிருக்கும்.

தேதி தேய்ந்துபோன கல்லுக்கு வேதவசனம் உதவும். கடவுளைப் ‘பராபரன்’ என்று குறிக்கும் வசனமாக இருந்தால் அது பப்ரீசியுஸ் என்ற பதினெட்டாம் நூற்றாண்டு மிஷனரியின் வேதாகம மொழிபெயர்ப்பின் வழக்கு. ‘தேவன்’ என்று இருந்தால் பெரும்பாலும் 1871இல் முழுமையாக வெளிவந்த பவர் ஐயர் குழுவின் மொழிபெயர்ப்பு. இதை வைத்து இன்ன ஆண்டு என்று சொல்ல முடியாது, ஏனென்றால் பழைய வேதாகமத்தோடு வளர்ந்த பிள்ளைகள் தாய் தகப்பனுக்குப் பழைய வசனத்தையே பொறித்திருக்கலாம். லுத்தரன் சபையார் பப்ரீசியுஸை நெடுங்காலம் விடவில்லை. இருந்தாலும் இரண்டு தேவசகாயங்களில் எவர் மூத்தவர் என்று தயங்கி நிற்கும்போது இது ஒரு பக்கமாகக் கைகாட்டும். நான் இதைத் துணைச் சாட்சியாக மட்டும் எடுத்துக்கொள்வேன்.

ஆங்கிலக் கற்களுக்கு வேறொரு வசதி உண்டு. ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி சென்னை மாகாணத்துக் கல்லறைக் கல்வெட்டுகளைத் தொகுத்து 1905இல் ஒரு பெரிய பட்டியலாக வெளியிட்டார். திருநெல்வேலி மாவட்டமும் அதில் உண்டு. அவர் படித்த கற்களில் சில இன்று உடைந்துவிட்டன, சில தேய்ந்துவிட்டன. அவர் எழுதி வைத்ததால் வாசகம் மிஞ்சியிருக்கிறது. ஆஷ் துரையைப் போல 1905க்குப் பிறகு இறந்தவர்கள் அதில் வரமாட்டார்கள். தமிழர்களும் ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். தமிழ்க் கற்களுக்கு இப்படி ஒரு தொகுப்பு அந்தக் காலத்திலேயே யாராவது செய்திருந்தால் எத்தனை குடும்பங்கள் இன்று தங்கள் மூதாதையரின் காலடியில் நின்றிருக்கும் என்று நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. நான் படியெடுத்தவை சில நூறு. கரைந்துபோனவற்றோடு பார்த்தால் அது கைப்பிடி.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பழைய பதிவேடுகளில் சாதி எழுதப்பட்டிருக்கும். சில ஊர்களில் கல்லறைத் தோட்டமே சாதியால் பிரிந்திருக்கும், இடையில் ஒரு சுவரோ வேலியோ இருக்கும். இறந்தவர்களைப் பிரித்து வைத்த அந்தச் சுவரைப் பார்த்து நான் வெட்கப்பட்டிருக்கிறேன். உங்கள் குடும்பத்தில் இதுவரை சொல்லப்படாத ஒன்றைப் பதிவேடு சொல்லிவிடலாம், அல்லது சொல்லப்பட்டதை மறுத்துவிடலாம். அதற்கு ஆயத்தமாக வாருங்கள். குழந்தைகளை அழைத்து வந்தால் அவர்களிடமிருந்தும் மறைக்காதீர்கள்.

மேலப்பாளையம் மையவாடிகளின் மீசான் கற்களை, அதாவது கபுறுகளில் நடும் கற்களைப் பற்றியும், காயல்பட்டினத்துப் பழைய அரபுக் கல்வெட்டுகளைப் பற்றியும் கேட்டிருந்தால் என்னால் பயன் இருக்காது. அரபு படிக்கும் பயிற்சி எனக்கில்லை. அந்தந்தப் பள்ளிவாசல் பெரியவர்களைத்தான் கேட்க வேண்டும். கத்தோலிக்கக் குடும்பங்களின் பதிவேடுகளிலும் எனக்குப் பழக்கம் குறைவு. உங்கள் குடும்பம் உபதேசியார் என்ற சொல்லைக் கத்தோலிக்க வழக்கில் சொல்லியிருக்கவும் கூடும் என்பதை மறந்துவிட வேண்டாம். பாட்டி வீட்டில் கத்தோலிக்கருடைய ஜெபமாலை இருந்ததா, சீர்திருத்தச் சபையாரின் ஞானப்பாட்டுப் புத்தகம் இருந்ததா என்று கேட்டுப் பாருங்கள்.

வருகிற நாளில் முதலில் சேகர குருவானவரைப் பார்த்து அனுமதி பெறுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை வேண்டாம், அவருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. பதிவேட்டை உங்கள் கையில் கொடுக்கத் தயங்கினால் வருத்தப்படாதீர்கள். அந்தத் தாள்கள் தொட்டால் உதிர்கின்றன. ஆண்டையும் பெயரையும் எழுதிக் கொடுத்து, பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். அதன் பிறகு ஆலயப் பணியாளான கோயில்பிள்ளையைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள். தகப்பன் வழி தகப்பனாக அதே வேலையில் இருந்தவர்கள் உண்டு. கல் இல்லாத இடங்களிலும் இன்னார் குடும்பம் இந்த வரிசை என்று அவர்களுக்குத் தெரியும். அது எழுதப்படாத பதிவேடு. அவர்கள் சொன்னதை அவர்கள் சொன்னதாகவே தனியாகக் குறித்து வையுங்கள், கல்லில் படித்ததோடு கலக்காதீர்கள்.

கல்லைச் சுரண்டக் கூடாது. ஆசிட், சோப்புத்தூள், கம்பித் தூரிகை எதுவும் வேண்டாம். சுண்ணக்கட்டியால் எழுத்தை நிரப்புகிறார்கள், அதுவும் கெடுதல். ஒரு பாட்டில் தண்ணீர், மெல்லிய தென்னந்தும்புத் தூரிகை, கையகல முகக்கண்ணாடி ஒன்று போதும். படுத்திருக்கும் கல்லுக்குச் சூரியன் சாய்ந்திருக்கும் காலை ஆறரை மணி நல்லது. கிழக்கு நோக்கி நிற்கும் கல்லுக்கு உச்சிவேளை நல்லது, அப்போதுதான் ஒளி மேலிருந்து முகத்தை உரசிக்கொண்டு இறங்கும். மற்ற நேரங்களில் கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில் திருப்பி விட்டால், இல்லை என்று நினைத்த எழுத்து எழுந்து வரும். மார்ச்சுக்குப் பிறகு வந்தால் தொப்பி அவசியம். பாளையங்கோட்டை வெயில் மலேசிய வெயில் போல இருக்காது.

தேவசகாயத்தின் மனைவி பெயரும் ஓர் ஊர்ப் பெயரும் கிடைத்ததும் இங்கேயே எழுதுங்கள். என்னுடைய படியெடுப்பு நோட்டுகளில் தேவசகாயம் என்ற பெயரில் இருப்பவர்களை அதற்குள் தனியாக எழுதி வைக்கிறேன்.